வெள்ளிக்கிழமை எண்ணெயும் ஜூலியின் காதும்

நாய் வளர்க்கலாம் என்று என் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது நாயின் முகமும் இல்லை, வாலும் இல்லை. காதுதான். பொம்மசந்திராவில் இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்பினால் இடித்துக்கொள்வோம். இதில் நாய் வேறா, அதன் காதை யார் பார்ப்பது என்று கேட்டால், "காதுல என்னம்மா பாக்கறதுக்கு இருக்கு" என்று சிரிக்கிறார்கள். அவர்களுக்கு ஜூலியைத் தெரியாது. பதில் சொல்லவும் எனக்கு அலுப்பாக இருக்கிறது. வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

ஜூலி வந்தபோது நாங்கள் அல்சூரில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த சமயம், எதைத் துடைத்தாலும் மறுபடி மண் படியும். மாடியில் இரண்டு அறை வீடு. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மாமா ஆட்டோ ஓட்டினார். அப்பா ஒரு பெரிய வீட்டில் காரோட்டி. அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது நாயை என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவின் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டார்கள். அப்பா வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். வெளியில் மட்டும்தான் அப்படி, வீட்டில் நன்றாகவே சொல்லுவார்.

பழுப்பு நிறத்தில் சுருட்டை முடியோடு அது வாசலில் நின்றது. இரண்டு காதும் கன்னத்துக்குக் கீழே தொங்கின. தண்ணீர் வைத்தால் நாக்குக்கு முன்னால் காது கிண்ணத்தில் விழும். தெருவில் அப்படியொரு நாயை யாரும் பார்த்ததில்லை. அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு. பேரு ஜூலி" என்றார் அப்பா.

"அப்பிடின்னா வெள்ளிக்கிழமை" என்றாள் அம்மா.

அம்மா சொன்னது எங்களுக்கெல்லாம் புரிந்தது. எங்கள் வீட்டில் சாமி அலமாரி முன் அறையில் இருந்தது. சாமி இருக்கிற அறையில் படுத்துத் தூங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துத் தலை முழுக வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்கு வெள்ளிக்கிழமை. ஜூலி முன் அறையில்தான் படுக்கப் போகிறது. ஆகவே எனக்கு அடுத்து ஜூலி.

"தப்பிச்சோம் மாமா. ஆம்பளை நாயா இருந்திருந்தா சனிக்கிழமை நம்மகூட க்யூல நின்னிருக்கும்" என்று மாமா அப்பாவிடம் சொன்னார்.

அம்மா எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. எனக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் ஜூலிக்கும் உண்டு. நல்லெண்ணெயில் இரண்டு மிளகு போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, உச்சியில் வைத்துத் தேய்ப்பாள். பிறகு என் தலையைச் சாய்த்து இரண்டு காதிலும் எண்ணெய் விடுவாள். காதுக்குள் கடல் மாதிரி இரைச்சல் கேட்கும். அதே கரண்டியால் ஜூலியின் தொங்கும் காதைத் தூக்கி அதற்குள்ளும் விட்டாள். பிறகு சீயக்காய், வெந்நீர், தலைக்குமேல் சொம்பு சொம்பாக. கடைசியில் சாம்பிராணி. நான் தலையை விரித்து ஒரு பக்கம் உட்கார, ஜூலி காதை விரித்து இன்னொரு பக்கம் உட்காரும். நடுவில் புகை. எங்கள் ஊர்க் குளிரில் என் முடி காயவே சாயங்காலம் ஆகும். மூடிக் கிடக்கிற அந்தக் காதுக்குள் என்ன காய்ந்திருக்கும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் வீட்டில் ஒரு வாடை வந்தது. புளித்த மாவும் பழைய எண்ணெயும் கலந்த மாதிரி. ஜூலி அடிக்கடி தலையை உதற ஆரம்பித்தது. காதுகள் இரண்டு பக்கமும் பட்பட்டென்று அடித்துக்கொள்ளும். பின்காலால் காதைச் சொறிந்து, சொறியும்போதே முனகும். வாடை வந்தால் அம்மாவுக்குத் தெரிந்த வழி குளிப்பாட்டுவதுதான். வெள்ளியோடு செவ்வாயும் சேர்ந்தது. எண்ணெயில் மிளகோடு பூண்டும் சேர்ந்தது. குளிக்கக் குளிக்க ஜூலி நாறியது, நாற நாற அம்மா குளிப்பாட்டினாள். அம்மாவின் கைகளில் தோல் சுருங்கியே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது ஜூலி அலமாரிப் பக்கத்தில் நின்று தலையை ஒரு உதறு உதறியது. காதுக்குள்ளிருந்து காப்பித்தூள் கரைசல் மாதிரி ஏதோ தெறித்து, சுவரிலும் அம்மன் படத்தின் கண்ணாடியிலும் புள்ளி புள்ளியாக விழுந்தது. அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் வாடை.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஆனேக்கல்ல நம்ம ஆளு ஒருத்தன் தோட்டம் வெச்சிருக்கான். காவலுக்கு நாய் கேட்டுட்டிருந்தான். ஆடி முதல் வெள்ளிக்கு நீ வீட்ல கூழு ஊத்தணும் இல்ல, அதுக்குள்ள இந்த நாத்தம் போகணும். போகலன்னா நாயி போகணும்."

"தோட்டத்துல வெளியில கட்டிப் போடுவாங்களேங்க. இது மெத்தைல வளந்தது" என்றாள் அம்மா.

"அம்மன் மூஞ்சில அழுக்கடிக்கற நாய மெத்தைல வெச்சுக்க முடியுமா?"

தன் பக்கம் நியாயம் இல்லை என்று அம்மாவுக்கே தோன்றியிருக்க வேண்டும். ஆனேக்கல் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. ஓசூர் பக்கம், பஸ்ஸில் போக வேண்டும் என்று மாமா சொன்னார். ஜூலிக்கு பஸ் ஏறித் திரும்பி வரத் தெரியாதே என்று நான் அழுதேன்.

மறுநாள் அம்மா கோவிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். கண்ணில் கோளாறு வந்தால் வெள்ளித் தகட்டில் கண் வாங்கிப் போடுவதும், கால் வலி தீர்ந்தால் கால் வாங்கிப் போடுவதும் எங்களுக்கு வழக்கம். அம்மா காது வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

மாமா விடுவாரா. "அக்கா, கடையில மனுஷக் காதுதான் விப்பான். அதப் போட்டா அம்மன் உனக்குத்தான் காதுல ஏதோன்னு நெனச்சுக்கும். நாய்க்காதுக்கு நீ தனியா ஆர்டர் குடுக்கணும்."

"அம்மனுக்குத் தெரியும், யாருக்குன்னு. நீ வண்டிய எடு. சாமிகிட்ட சொல்லியாச்சு, டாக்டர்கிட்டயும் காட்டணும்."

மாமா வாயாடினாலும் வண்டியை எடுத்தார். அம்மா, நான், போர்வைக்குள் ஜூலி, மூன்று பேரும் பின்சீட்டில் உட்கார்ந்து கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆடுகளும் கோழிக் கூடைகளும் நின்ற வரிசையில் எங்கள் முறை வரவே நேரமாயிற்று.

டாக்டர் ஒரு கன்னடத்து அம்மா. ஜூலியின் காதைப் புரட்டி, குனிந்து, மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார். நாங்கள் மூக்கைப் பொத்துகிற இடத்தில் படித்தவர் ஒருவர் மூக்கை வைப்பதைப் பார்த்து எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"காதுல என்னம்மா ஊத்தினீங்க?"

"நல்லெண்ணெ மேடம். மிளகு, பூண்டு போட்டுக் காய்ச்சினது. வாரம் தவறினதே இல்ல" என்றாள் அம்மா. கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

டாக்டர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்காமல் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். மனிதர் காதில் துவாரம் நேராக உள்ளே போகிறது. நாய்க்கு முதலில் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கம் திரும்புகிறது. உள்ளே போன தண்ணீர் தானாக வெளியே வராது. மேலே மூடி போட்ட மாதிரி காது வேறு தொங்குகிறது, காற்றே போகாது. அந்த ஈரத்திலும் எண்ணெயிலும்தான் பூஞ்சை பிடித்திருக்கிறது.

"எண்ணெ பேடா, வேண்டாம். தலைக்குத் தண்ணி பேடா. குளிப்பாட்டினா ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்சு, முடிச்சதும் எடுத்துட்டு வெளிப்பக்கம் துடைச்சுக் காய விடுங்க. குச்சி, பட்ஸ் எதுவும் உள்ள விடக்கூடாது."

"வெள்ளிக்கிழமைகூட தலைக்கு ஊத்தக்கூடாதா மேடம்?"

"காதுக்கு வெள்ளிக்கிழமை தெரியாதும்மா."

ஒரு கழுவும் மருந்தும் ஒரு சொட்டு மருந்தும் கொடுத்து, எப்படிப் போடுவது என்று செய்தும் காட்டினார். தினமும் ஒரு வேளை, பொறுமையாகச் செய்ய வேண்டும், மருந்து முடிந்ததும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றார். திரும்பி வரும்போது அம்மா கரண்டி கரண்டியாகத் தானே ஊற்றியதை நினைத்துக்கொண்டிருந்தாள்போல. ஜூலியின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அம்மா கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் சட்டைகளைப் பெரிய மேசையில் விரித்து, நின்றபடியே நூல் பிசிறு, தையல் பிசகு பார்த்துத் தள்ள வேண்டும். சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். வந்ததும் முகம் கழுவி விளக்கேற்றுவாள், காப்பி போடுவாள், குழாயில் தண்ணீர் பிடிப்பாள், அடுப்புக்குப் போவாள். அப்பா கூப்பிடுவார், மாமா கூப்பிடுவார், நான் கூப்பிடுவேன். ஒவ்வொரு குரலுக்கும் "வரேன்" என்று ஒரு பதில் வரும், அதன் பின்னால் அம்மாவும் வருவாள்.

டாக்டரிடம் போய் வந்த நாளிலிருந்து விளக்கேற்றியதும் ஜூலியின் காது. அம்மா சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்காருவாள். ஜூலியின் தலை அவள் மடியில். காதை மேலே மடித்து, கழுவும் மருந்தைத் துவாரம் நிறைய விட்டு, காதின் அடிப்பாகத்தை விரல்களால் மெதுவாகப் பிசைவாள். உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்கும். பிறகு கையை எடுத்தால் ஜூலி தலையை உதறும். அழுக்கு தானாக மேலே வரும். தெறிக்காமல் இருக்க நான் பழைய துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடைத்து, விரல் போகிற அளவுக்குமேல் உள்ளே போகாமல், காய்ந்தபின் சொட்டு மருந்து. அப்புறம் மறுபடி பிசைவது. அப்புறம் அடுத்த காது.

"இந்தா, காப்பி போடு" என்று உள்ளே இருந்து அப்பா குரல் கொடுப்பார்.

"காதுல மருந்து விட்டிருக்கேன்ங்க. கைய எடுக்க முடியாது."

டாக்டர் சொன்னது என்பதால் அப்பாவாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மாமா காப்பி போட்டார். அது காப்பி மாதிரி இல்லை என்றாலும் குடித்தார்கள். எங்கள் வீட்டில் அம்மாவை யாரும் கூப்பிடாத நேரம் என்று ஒன்று உண்டாயிற்று. முதல் நாட்களில் சீக்கிரம் முடிந்த வேலை போகப் போக நீண்டது. சில சமயம் அம்மா கண்ணை மூடியிருப்பாள், விரல்கள் மட்டும் காதைப் பிசைந்துகொண்டிருக்கும். வேண்டுதலைத்தான் மனதுக்குள் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆடி முதல் வெள்ளி வந்தது. அன்று ஜூலிக்குத் தலைமுழுக்கு இல்லை. காதில் பஞ்சை வைத்துக் கழுத்துக்குக் கீழே மட்டும் ஈரத்துணியால் துடைத்து, மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, "இவ்ளோதான் முடியும் தாயே, டாக்டர் சொல்லிட்டாங்க" என்று அம்மா படத்தைப் பார்த்துச் சொன்னாள். கூழ் ஊற்றுவதற்கு முன்னால் அப்பா முன் அறைக்கு வந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காதபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஜூலியின் காதைத் தூக்கி, அந்த டாக்டரைப் போலவே மூக்கை வைத்தார்.

"என்னா மாமா, டிபன் வாசனை வருதா?" என்றார் மாமா.

"ஒண்ணும் வரல" என்றார் அப்பா. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "இருக்கட்டும். ஆனா இன்னொரு தரம் நாத்தம் வந்துச்சுன்னா நான் யாரையும் கேக்க மாட்டேன். நேரா ஆனேக்கல்தான்" என்றார்.

அன்று சாயங்காலமே அம்மா வெள்ளிக் காதை உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். மனிதக் காதுதான் கிடைத்தது. அம்மன் அதற்காக ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சொட்டு மருந்து தீர்ந்தது. கழுவும் மருந்து பாட்டிலில் மிச்சம் இருந்தது. விளக்கேற்றியதும் அம்மா எப்போதும்போல பஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாளும், அதற்கு மறுநாளும் உட்கார்ந்தாள். காதில் அழுக்கே வரவில்லை. பஞ்சு வெள்ளையாகவே திரும்பியது. அம்மா அந்தச் சுத்தமான காதைத்தான் கழுவிக் கழுவித் துடைத்தாள். கொஞ்ச நாள் போனதும் காதின் உள்பக்கம் செம்பருத்தி இதழ் மாதிரி சிவந்துவிட்டது. ஜூலி திரும்பவும் தலையை உதறியது. அந்தச் சத்தம் கேட்டதும் உள் அறையில் அப்பா பேப்பரைக் கீழே இறக்கியது எனக்குத் தெரிந்தது.

மாமா மறுபடி வண்டியை எடுத்தார். டாக்டர் காதை முகர்ந்தார், விளக்கு அடித்துப் பார்த்தார்.

"அழுக்கே இல்லையே. எத்தனை நாளைக்கு ஒருக்கா கழுவறீங்க?"

"தினமும்தான் மேடம். ஒரு நாள்கூட விடல."

"தினமும் பேடாம்மா. மருந்து போடறவரைக்கும்தான் அது. நல்ல காதக் கழுவிட்டே இருந்தா அதுவே புண்ணாகும். வாரம் ஒருக்கா தூக்கிப் பாருங்க, முகர்ந்து பாருங்க. அழுக்கு இருந்தா மட்டும் கழுவுங்க. இல்லன்னா சும்மா விடுங்க."

"பஞ்சால லேசாத் துடைக்கலாமா மேடம், சாயங்காலத்துல?"

"எதுக்கு?"

அம்மா எதுக்கு என்று சொல்லவில்லை. "சும்மா, பழகிடுச்சு" என்றாள்.

"சும்மா விடுங்கம்மா" என்றார் டாக்டர், களைப்பாக. வெளியே ஆடுகள் காத்துக்கொண்டிருந்தன.

ஆட்டோவில் நான் அம்மாவிடம், இனிமேல் உனக்கு ஒரு வேலை குறைந்தது என்று சொன்னேன். மாமாவும், "ஆமாக்கா, இனிமே உன் கையால காப்பி" என்றார். அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கழுவினால் புண், புண் வந்தால் வாடை, வாடை வந்தால் ஆனேக்கல். வீட்டுக்கு வந்ததும் மருந்து பாட்டிலைத் துடைத்து அலமாரிக்கு மேலே வைத்தாள். அன்றைக்கு விளக்கேற்றியதும் அடுப்புக்குப் போனாள். அப்பா கூப்பிட்டார், மாமா கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன். ஜூலியின் காது சிவப்பு தணிந்து, உதறல் நின்றது.

அப்புறம் ஒரு நாள், கார்மெண்ட்ஸில் ஓவர்டைம் முடிந்து வந்த சாயங்காலம், அம்மா விளக்கேற்றிவிட்டு பாட்டிலையும் பஞ்சையும் கீழே எடுத்தாள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, ஜூலியை இழுத்துத் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். காதை மேலே மடித்தாள்.

"இந்தா, காப்பி போடு" என்றார் அப்பா.

"ஜூலி காது பாத்துட்டிருக்கேன்ங்க."

சற்று நேரத்தில் மாமா பாத்திரத்தை உருட்டுவது கேட்டது. நான் வீட்டுப்பாடத்தை வைத்துவிட்டுத் துண்டோடு பக்கத்தில் போனேன். பாட்டிலின் மூடி திறக்கவே இல்லை. பஞ்சு அதன் காகிதத்தில் சுற்றியபடியே கிடந்தது. அம்மாவின் கண்கள் மூடியிருந்தன. ஒரு கை மடித்த காதின்மேல் சும்மா இருந்தது.

ஜூலிக்கு இப்போது காதில் ஒரு குறையும் இல்லை. அதற்கு விளையாடப் போக வேண்டும். நெளிந்து முன்காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தது. அம்மா கண்ணைத் திறக்காமலே அதன் கழுத்தில் கையை அழுத்தி மடிக்கே இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி நெளிந்தது, அம்மா மறுபடி இழுத்தாள்.

பாவம் அம்மா, நின்று நின்று வந்திருக்கிறாள், இந்த நாய் அடங்கியிருந்தால் எப்போதோ வேலையை முடித்து எழுந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. சீக்கிரம் முடியட்டும் என்று நானும் உட்கார்ந்து ஜூலியின் பின்கால்கள் இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.